ஏழாவது மணி

தச்சர் ஜெபம் சொல்ல மாலை எடுத்ததே கிடையாது. வீட்டில் ஜெபமாலைக்குப் பஞ்சமில்லை. மாதா படத்துக்குக் கீழே ஒரே ஆணியில் மூன்று தொங்கின. கல்யாணத்துக்கு வந்தது ஒன்று, மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது வந்தது ஒன்று, கண்டக்டர் மச்சான் எந்தத் திருத்தலத்திலோ வாங்கி வந்து மாட்டிய, விளக்கை அணைத்தால் பச்சையாக மினுங்கும் பிளாஸ்டிக் மாலை ஒன்று. சனிக்கிழமைதோறும் அவர் மனைவி அவற்றைத் தூசி தட்டுவாள். அதோடு சரி.

தச்சருக்கு விரல் போதும். வலது கட்டைவிரலில் ஆரம்பித்துச் சுண்டுவிரல்வரை ஐந்து. அங்கிருந்து இடது சுண்டுவிரலுக்குத் தாவி, மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று வந்து கட்டைவிரலில் பத்து. மாதாவைப் பார்த்துச் சொல்கிற ஒவ்வொரு மங்கள வார்த்தை ஜெபத்துக்கும் ஒரு விரல் மடங்கும். பத்தும் மடங்கினால் ஒரு சுற்று; அப்படி ஐந்து சுற்று, சுற்றுக்கு ஒரு ரகசியம் என்று ஆண்டவர் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை நினைத்துக்கொண்டு. முன்னால் சொல்கிற மூன்றையும் சேர்த்தால் ஐம்பத்து மூன்று மணி ஜெபம் முடிந்தது.

"கோத்த மாலை அறுந்து போகும், தொலைஞ்சு போகும், பாக்கெட்டுல சிக்கு விழும். விரல் எங்க போகப் போவுது?" என்பார். இருபத்திரண்டு வருஷமாக ஒன்று கூடினதும் இல்லை, ஒன்று குறைந்ததும் இல்லை.

சாயங்காலம் ஏழு மணி ஆனால், மரத்தூள் ஒட்டிய சட்டையை மாற்றிக்கொண்டு, தானே செய்த முக்காலியில் உட்காருவார். மகள் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அவர் முன்பாதி சொல்ல, மனைவியும் மகளும் பின்பாதி சொல்வார்கள்.

பக்தி என்று பார்த்தால் அந்த மனைவிக்கு நடுத்தரம்தான். பகலெல்லாம் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, முந்நூறு முட்டை அவித்து, ஓடு உரித்துவிட்டு வருகிறவள். இடுப்பு விட்டுப்போயிருக்கும். மூன்றாம் சுற்றில் கண் சொருகும். ஆனாலும் ஏழு மணிக்காக அவள் காத்திருப்பாள். காரணம் வேறு. தச்சர் பேச்சில் படு சிக்கனம். "சாப்பாடு", "குடை", "உப்பு கம்மி" இப்படி எண்ணி வைத்தாற்போல் ஒரு நாளைக்குப் பத்துச் சொல். அந்த மனிதர் தினமும் ஐம்பத்து மூன்று தடவை ஒன்றைச் சொல்ல, ஐம்பத்து மூன்று தடவை அவள் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் ஒரு பெண்சாதிக்கு என்ன வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் குடும்பம் நடத்தினவள்தானே.

கண்டக்டர் அவளுடைய தம்பி. கல்யாணம் கட்டாதவன். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தான். பஸ்ஸில் ஆள் எண்ணி எண்ணி, அவனுக்கு எண் என்றாலே ஒரு மயக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். வாயில் சோறு இருக்கும்போதே கணக்கு ஆரம்பிக்கும்.

"அம்பத்தி மூணுன்னா சும்மாவா அத்தான்? ஒரு மாலைக்கு அம்பது. சந்தோஷம், துக்கம், மகிமைன்னு மூணு வகை ரகசியமும் சொன்னா நூத்தம்பது. சங்கீதம் எத்தனை? அதுவும் நூத்தம்பது. அந்தக் காலத்துல எழுத்துத் தெரிஞ்சவன் சங்கீதம் படிச்சான். தெரியாதவன் ஒரு சங்கீதத்துக்கு ஒரு மங்கள வார்த்தைன்னு சொல்லிக்கிட்டான்."

"அப்ப முன்னாடி இருக்கிற மூணு?" என்பார் தச்சர், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

"அது விசுவாசம், நம்பிக்கை, அன்பு. இப்ப மூணையும் கூட்டுங்க. நூத்தி அம்பத்தி மூணு. உயிர்த்த ஆண்டவர் வலையைப் போடச் சொன்னப்ப எத்தனை மீன் மாட்டுச்சு?"

"நீ எண்ணினியா?"

"நூத்தி அம்பத்தி மூணு! யோவான் எழுதியிருக்கார்."

"இப்ப ஒளியின் ரகசியம்னு இன்னும் அஞ்சு சேர்த்துட்டாங்களே மச்சான். இருநூறு ஆகிப்போச்சு. மிச்ச மீனு எப்ப வந்துச்சு?"

மகள் சிரித்துப் புரையேறுவாள். கண்டக்டர் அசர மாட்டான். "அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு அத்தான், அடுத்த வாரம் சொல்றேன்" என்பான். அடுத்த வாரம் சொல்லவும் செய்வான். அஞ்சு சுற்று ஏன் என்றால் ஆண்டவருக்கு அஞ்சு காயம். பத்து ஏன் என்றால் பத்துக் கட்டளை. அவனிடம் எந்தக் கேள்வியும் பதில் இல்லாமல் திரும்பிப் போனதில்லை.

மழைக்காலத்தின் முதல் வாரம். வியாழக்கிழமை. தச்சர் மனைவி முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியையே சமையல்கட்டுக்கு வந்து நின்றார். அந்த அம்மா அங்கே வந்து அவள் பார்த்ததில்லை. "உங்க வீட்டுக்காரருக்குக் கையில கொஞ்சம் அடியாம்" என்றார். 'கொஞ்சம்' என்று சொன்ன விதத்திலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. உரித்த முட்டை கையிலிருந்து வழுக்கி, வாளித் தண்ணீரில் போய் விழுந்தது.

பட்டறையில் நனைந்த பலகை. வட்ட ரம்பம் ஈரத்தில் இறுகிப் பலகையைப் பின்னால் உதறியிருக்கிறது. தள்ளிக்கொண்டிருந்த இடது கை ரம்பத்தில் போய் விழுந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் அடியோடு போய்விட்டன, ஒட்ட வழியில்லை, சுண்டுவிரலும் கட்டைவிரலும் தப்பியது பெரிய காரியம் என்றார். தச்சர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். "பலகையை மூடி வைக்கச் சொன்னேன். கேக்கலை" என்றார். அதுதான் அன்றைக்கு அவர் பேசியது.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். அன்று ஏழு மணிக்கு மகள் வழக்கம்போல மெழுகுவர்த்தி ஏற்றினாள். தீக்குச்சி உரசின சத்தம் கேட்டதும் தச்சர் எழுந்தார். பின்னறைக்குப் போனார். ஆயுதப் பெட்டியும் பழைய கட்டிலும் இருக்கிற அறை அது. கதவு கிடையாது, திரை மட்டும்தான். ஊருக்கெல்லாம் கதவு செய்கிற தச்சன் வீட்டில் கதவு இருந்தால் அதிசயம். திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மகள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இரவு பகலாகக் கூட இருந்தவன் அவன்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகத் தச்சருக்குக் கொடுத்தான். அவரும் வாங்கித் தின்றார். அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"அத்தான், போனதையே நினைக்காதீங்க. இருக்கிற ஏழைப் பாருங்க. ஏழு லேசுப்பட்ட எண்ணா? வியாகுல மாதாவுக்கு ஏழு துயரம். அதுக்குன்னே தனியா ஒரு ஜெபமாலை இருக்கு, ஏழு ஏழு மணியா கோத்து. உங்க ரெண்டு கையும் இப்ப அந்த மாலை மாதிரி."

தச்சர் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். அவள் அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டினாள். தம்பி பார்க்கவில்லை.

"போனது மூணு. அதுலயும் அர்த்தம் இருக்கு. மாலைக்கு முன்னாடி வர்ற மூணு மணி என்ன? விசுவாசம், நம்பிக்கை, அன்பு. அதை ஆண்டவர் காணிக்கையா..."

"இரு" என்றார் தச்சர். "என் விசுவாசம், என் நம்பிக்கை, என் அன்பு. மூணையும் ரம்பம் தின்னுடுச்சுன்னு சொல்ற."

"ஐயோ, அப்படியில்ல அத்தான்..."

"உன் கையில மூணைக் குடு. நான் உனக்கு இதைவிட நல்ல நல்ல அர்த்தமா சொல்றேன்."

"அத்தான்..."

"எழுந்திரு. வெளிய போ. கணக்குப் பேசிக்கிட்டு இந்த வாசல்படி மிதிக்காதே."

அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஆரஞ்சுப் பை சரிந்து பழங்கள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. கண்டக்டர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனான். அவள் பின்னாலேயே தெருமுனைவரை ஓடினாள்.

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சலாமாடா? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?"

"ஆறுதலுக்குத்தானே அக்கா சொன்னேன்" என்றான். நாற்பத்தைந்து வயசு ஆம்பளை, நடுத்தெருவில் மூக்கைச் சிந்தினான். "ஆஸ்பத்திரியில உக்காந்து ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எதுக்கு மூணு, எதுக்கு ஏழுன்னு. ஏதாவது ஒரு காரணம் இருந்தாத்தானே தாங்க முடியும்?"

அவளுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. "போய்ச் சாப்பிட்டுட்டுப் படு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அதற்கப்புறம் வீடு ஊமையாகிவிட்டது. பட்டறை முதலாளி நல்ல மனுஷர், இரண்டு முறை வந்தார். மரம் வந்து இறங்குவதை மேற்பார்வை பார்த்தால் போதும், நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றார். "நாற்காலி நான் செய்வேன். அதுல உக்காந்து சம்பளம் வாங்க மாட்டேன்" என்றார் தச்சர். முதலாளி அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புண் ஆறியது. கட்டுப் பிரித்தார்கள். அவர் அந்தக் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டே சாப்பிட்டார், துண்டுக்குள் வைத்துக்கொண்டே தூங்கினார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. சாயங்காலம் ஏழு மணி வரும். போகும். அவளுக்கு அந்த அரைமணி நேரம் பல் விழுந்த இடம்போல இருந்தது. நாக்கு அங்கேயே போய்ப் போய் நின்றது.

மூன்று வாரம் பொறுத்தாள். நாலாவது வாரம் திங்கட்கிழமை, சமையல்கட்டில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது, யாருடனோ சண்டை போட்டுத் தீர்த்த மாதிரி ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டுக்குப் போனதும் ஆணியிலிருந்து கல்யாண மாலையை எடுத்துத் துடைத்தாள். அது மணி சின்னதாக, அவள் கொப்புளம் கண்ட விரலுக்குப் பிடிபடாததாக இருந்தது. திருப்பி மாட்டிவிட்டாள். மகளைக் கூப்பிட்டாள்.

"நான் முன்பாதி சொல்றேன். நீ பின்பாதி சொல்லு."

"எப்படிம்மா எண்ணுவ?"

"உங்கப்பா மாதிரிதான். விரல்ல."

"போன்ல ஒரு ஆப் இருக்கும்மா. தட்டினா எண்ணிக்கும். பத்து ஆனா டிங்னு அடிக்கும்."

"மாதாகிட்ட டிங்கு அடிக்கச் சொல்றியா? உக்காருடி."

முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் அவள் காது திரைக்குப் பின்னால் போய்விட்டது. கட்டில் முனகுகிறதா? எழுந்திருக்கிறாரா? வாய் பாட்டுக்கு ஜெபத்தைச் சொன்னது. விரல் மடங்கினதா, மடங்கின விரலே மறுபடி மடங்கினதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு மங்கள வார்த்தையை ஆரம்பித்தாள்.

"பத்து ஆச்சு" என்றது திரை.

தாயும் மகளும் ஜெபத்தை நிறுத்தினார்கள். மகளின் கண் கோலிக்குண்டு மாதிரி உருண்டது. அவள் மகளை வாயில் விரல் வைத்து எச்சரித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மூன்றாம் சுற்றுக்குப் போனாள்.

மறுநாள் நாலாம் சுற்றில் எட்டிலேயே முடித்துவிட்டாள். "இன்னும் ரெண்டு" என்றது திரை. அதற்கு மறுநாள் மூன்று தடவை எண்ணிக்கையைத் தவறவிட்டாள். கடைசித் தடவை திரை விலகியது. தச்சர் துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றார். தாடி வளர்ந்து ஆளே வேறு மாதிரி இருந்தார்.

"ஏண்டி, முந்நூறு முட்டையை எண்ணி வைக்கிறவ நீ. உனக்குப் பத்து எண்ணத் தெரியாது? வேணும்னே பண்றியா?"

"சத்தியமா இல்லைங்க."

முதல் நாளைக்கு அது சத்தியம். இரண்டாம் நாளைக்குப் பாதி சத்தியம். மூன்றாம் நாளைப் பற்றி அவளை யாரும் கேட்கக் கூடாது.

அவர் திரும்பிப் போகவில்லை. முக்காலியில் உட்காராமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். "சொல்லு. நான் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை மட்டும் பாத்துக்கறேன்" என்றார். ஐந்தாம் சுற்று முடிந்தது. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. மகள் எழுந்து தட்டு எடுத்து வைக்கப் போனாள்.

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "துண்டுக்குள்ள கையை வச்சுக்கிட்டு எப்படி எண்ணுறீங்க?"

அவர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சொன்னா சிரிப்ப."

"சிரிச்சா அடிங்க."

"போன விரல் வலிக்குது" என்றார். "டாக்டர்கிட்ட சொன்னேன். அப்படித்தான் கொஞ்ச நாளைக்கு இருக்கும்னார். நகத்துக்கு அடியில அரிக்குது. நகமே இல்ல, அரிக்குது. நீ ஜெபம் ஆரம்பிச்ச அன்னிக்குப் படுத்திருந்தேன். நீ ஆறு சொல்ற வரைக்கும் இருக்கிற விரல் மடங்குச்சு. ஏழு சொன்னே. மோதிர விரல் மடங்குச்சு. சுள்ளுன்னு வலிச்சுது. எட்டுல நடுவிரல். ஒன்பதுல ஆள்காட்டி விரல். அப்புறம் பத்துக்குக் கட்டைவிரல் நெசமாவே இருந்துச்சு. அதை வச்சுத்தான் நீ தப்பு விட்டது தெரிஞ்சுது."

அவள் சிரிக்கவில்லை. துண்டை விலக்கி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. கல்யாணமான புதிதில் மோதிரம் கழட்ட முடியாமல் சோப்புப் போட்டுக் கழட்டின விரல் இருந்த இடம். அங்கே தன் உள்ளங்கையை வைத்தாள்.

"வலிக்குதா?"

"நீ பிடிச்சிருக்கிற இடம் வலிக்கல. அதுக்கு அந்தாண்ட வலிக்குது" என்றார். "விடாதே."

மழை அதற்கப்புறம் பத்து நாள் ஓயவில்லை. துணி காயவில்லை. பள்ளிக்கூடத்தில் விறகு புகைந்து அவள் கண்ணெல்லாம் சிவந்தது. தச்சர் தினமும் ஏழு மணிக்குச் சுவரோரம் வந்து உட்கார்ந்தார். முன்பாதி மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, குடையை உதறிக்கொண்டே மகள் வீட்டுக்குள் வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, காலையில மாமாவைப் பாத்தேன். ஜன்னல் வழியா வீட்டை விட்டு வெளிய வர்றாரு."

"என்னடி சொல்ற?"

"மழையில கதவு ஊதிப்போய் நிலையில இறுகிடுச்சாம். திறக்க முடியல. அஞ்சு நாளா ஜன்னல் வழியாத்தான் போக்குவரத்து. உள்ளே ஒரு ஸ்டூல், வெளியே ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு வச்சிருக்காரு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த தச்சர் தலையைத் தூக்கினார். "யூனிஃபார்மோடயா?"

"யூனிஃபார்மோடதான்பா. தோள்ல பை வேற. முதல்ல பையை வெளிய விடுறாரு, அப்புறம் ஒரு காலு, அப்புறம் தொப்பி..."

"தெருவுல போறவன் திருடன்னு நினைக்க மாட்டானா?"

"எதிர்வீட்டுக்காரங்க தினமும் நின்னு வேடிக்கை பாக்கறாங்களாம். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டாராம், அவசரத்துல வாளி வழுக்கி."

தச்சரின் தோள் குலுங்கியது. அவளுக்கு ஒரு நொடி பயமாக இருந்தது, அழுகிறாரோ என்று. சிரிக்கிறார். சத்தமில்லாமல் ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "வேற தச்சனையாவது கூப்பிட்டிருக்கலாமே கழுதை" என்றார்.

"அத்தான் இருக்கறப்ப வேற ஆள் கூப்பிட மாட்டேன்னு சொன்னாருப்பா. அத்தானைக் கூப்பிடவும் பயமாயிருக்காம்."

சிரிப்பு நின்றது. அவர் கொஞ்ச நேரம் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து பின்னறைக்குப் போனார். ஆயுதப் பெட்டியின் கொக்கி கழன்ற சத்தம் கேட்டது. அவள் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் குடையை எடுத்தாள்.

மகளை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனபோது கண்டக்டர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தான். அத்தானைப் பார்த்ததும் அப்படியே உறைந்துவிட்டான்.

"உள்ள போ. உள்ளயிருந்து கீல் ஆணியைத் தட்டு. நான் வெளிய தாங்கிக்கறேன்" என்றார் தச்சர். வேறு நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

கதவைக் கழட்டவே அரைமணி ஆனது. இரண்டு நாற்காலியின் மேல் அதைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். தச்சர் மரம் சீவும் இழைப்புளியை எடுத்தார். வலது கை பின்பிடியைப் பிடித்தது. இடது கை முன்பிடிக்குப் போனது. பிடிக்க அங்கே விரல் இல்லை. தள்ளினார். இழைப்புளி கோணலாக வழுக்கிக் கதவில் ஒரு கீறல் விழுந்தது. அவர் கையில் தோல் உரிந்தது. கண்டக்டர் வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்தாள். மூடிக்கொண்டான்.

தச்சர் மறுபடி வைத்தார். வழுக்கியது. மறுபடி. ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைக் கொஞ்சம் திருப்பி, கட்டைவிரலை வேறு இடத்தில் ஊன்றிப் பார்த்தார். ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் கட்டைவிரலையும் உள்ளங்கையின் அடிச்சதையையும் சேர்த்து, முன்பிடியை மேலிருந்து அமுக்கினார்.

"மச்சான், அந்த முனையில ஏறிப் படு. கதவு ஆடுது."

கண்டக்டர் யூனிஃபார்மோடு கதவின் மேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். தச்சர் தள்ளினார். முதலில் துணுக்குத் துணுக்காக வந்தது. பிறகு முழ நீளத்துக்கு ஒரே சுருளாக மரம் சீவி வந்து விழுந்தது. ஈர மரத்தின் மணம் எழுந்தது. அவள் அந்தச் சுருளைக் குனிந்து எடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் எடுத்தாள். பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

கதவை மாட்டி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. தச்சர் ஒரு தடவை திறந்தார், சாத்தினார். சத்தமே இல்லை. கண்டக்டர் நாலு தடவை திறந்து சாத்தினான். பிறகு உள்ளே போய், காப்பி போட்டான், சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தான். மூவரும் தரையிலேயே உட்கார்ந்து குடித்தார்கள்.

ஏழு அடித்தது. கண்டக்டர் தயங்கித் தயங்கி மெழுகுவர்த்தி ஏற்றினான். தன் ஜெபமாலையை எடுத்து அக்காவிடம் நீட்டினான். "நீங்க சொல்லுங்கக்கா."

"நான் சொல்றேன்" என்றார் தச்சர். மாலையை அவர் வாங்கவில்லை.

ஒன்றரை மாசம் கேட்காத குரல். கொஞ்சம் துரு ஏறியிருந்தது. முதல் மூன்றையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஆனதால் துக்க ரகசியம். முதல் சுற்றில் ஆறுவரை ஓடினது, ஏழில் தடுக்கி நின்றது. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். எட்டும் ஒன்பதும் அப்படியே. பத்தில் கட்டைவிரல் மடங்கியதும் குரல் தானாக இறங்கியது. மாலையை உருட்டிக்கொண்டே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டரால் சுற்று முடிந்ததும் அடக்க முடியவில்லை.

"அத்தான், விரல் இல்லாம அந்த மூணையும் எப்படி...?"

"இல்லாததுதான் வலிக்குதே. ஒவ்வொண்ணா வலிக்கும். அதான் கணக்கு."

தச்சர் அவனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ம், சொல்லு மச்சான். ஏழு, எட்டு, ஒன்பது. ஏதாவது அர்த்தம் வச்சிருப்பியே."

அவன் யோசித்தான். உதடு அசைந்தது. நெற்றி சுருங்கியது. கடைசியில் தலையை ஆட்டினான்.

"தெரியல அத்தான்."

"என்ன சொன்னே?"

"எனக்குத் தெரியல."

"அப்பாடா!" என்றார் தச்சர். "இருபத்திரண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் இந்த வார்த்தை உன் வாயில வந்திருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிட வா."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் போனது. நாலாம் ரகசியம், ஆண்டவர் சிலுவை சுமந்து போனதைத் தியானிப்போம் என்று சொல்லிவிட்டுத் தச்சர் நிறுத்தினார். ஏதோ வேலையை மனசுக்குள் அளந்து பார்க்கிறவர் போல இருந்தார்.

"அந்தச் சிலுவையை யாரும் இழைச்சிருக்க மாட்டாங்க" என்றார். "சொரசொரன்னு செதில் செதிலாத்தான் இருந்திருக்கும். செஞ்சவன் எவனோ ஒரு தச்சன். கூலிக்குச் செஞ்சிருப்பான். யார் தோளுக்குன்னு அவனுக்குத் தெரியுமா பாவம்? இந்தச் சுற்று அவனுக்காகச் சொல்லுவோம்."

"சரி அத்தான்" என்றான் கண்டக்டர்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வலது கை மடங்கியது. இடது சுண்டுவிரலில் ஆறு. அடுத்ததற்கு முன்னால் குரல் நின்றது. வெளியே மழை விட்டிருந்தது. அவள் பின்பாதியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல், அவர் வலித்து முடித்துச் சொல்லும்வரை காத்திருந்தாள்.